அரிசி மூட்டைக்குப் பதிலாக

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றதால் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. இங்கே சிங்கப்பூரில், கிளமெண்டியில் ரயில் ஏறி டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு மளிகைக்கடை வாசலில், சைட்கார் பூட்டிய பழைய பச்சை ஸ்கூட்டர் நிற்கும். அந்த சைட்காரில் ஒரு தடவை உட்கார்ந்து போகவேண்டும் என்று ஆசை. கடைக்காரரிடம் கேட்க வாய் வராது. எதிரே நின்று பார்ப்பேன், போய்த் தேநீர் குடிப்பேன், திரும்பவும் வந்து பார்ப்பேன்.

போன வாரம் அவரே கூப்பிட்டார்.

“அண்ணே, வண்டிய வாங்கப் பாக்குறீங்களா, தூக்கிட்டுப் போகப் பாக்குறீங்களா?”

“சும்மாதான் பாய்.”

“எத்தன கிலோ இருப்பீங்க?”

“அறுபது.”

“அப்ப ஏறுங்க. சைட்கார் காலியா இருந்தா லெப்ட் திரும்பும்போது சக்கரம் தூக்கும். எப்பவும் அரிசி மூட்டை வச்சுத்தான் ஓட்டுவேன். இன்னிக்கு எல்லாம் வித்துப்போச்சு லா.”

ஜாலான் புசார் வரை போய் வந்தோம். தரை கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது. பேருந்துச் சக்கரங்கள் முகத்துக்கு நேரே சுழன்றன. இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் “சாயுங்க” என்றார், சாய்ந்தேன். இறங்கியதும், அடுத்த வாரமும் வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். “நன்றி பாய்” மட்டும்தான் வந்தது.

அன்றிலிருந்து எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. நாளை அவர் கூப்பிடும்வரை காத்து நிற்கக் கூடாது. நானே போய்க் கேட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமை, 14 ஜூன் 2025