ஜெயபாரதியின் சாப்பாட்டுப் பை

எங்கள் பனியன் கம்பெனியில் ஜெயபாரதியின் சாப்பாட்டுப் பையை யாரும் தொடக் கூடாது. தொட்டால் கடித்துவிடுவாள். பக்கத்து மிஷினில் தைக்கிற எனக்கே அந்தச் சலுகை கிடையாது. "ஏனக்கா, உள்ள புதையலா இருக்குது?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒரு லேபிள் கட்டைக் காணவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியின் பேர் போட்ட லேபிள். வெளியே போனால் எவனாவது மட்டமான பனியனில் வைத்துத் தைத்து விற்றுவிடுவான். எங்களுக்கு ஆர்டரே போய்விடும். கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். எல்லோர் பையையும் மேஜையில் கொட்டச் சொன்னார்கள்.

ஜெயபாரதி வரிசையில் பின்னால் பின்னால் நழுவினாள். அடிப்பாவி, நீயா?

அவள் முறை வந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சாப்பாடுதானுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றாள். செக்யூரிட்டி ரோஸ்மேரி பிடுங்கிக் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸோடு ஒரு குக்கர் வெயிட் உருண்டது. டிவி ரிமோட் விழுந்தது. மிக்சி ஜார் மூடி விழுந்தது. கடைசியாகத் துணியில் சுற்றிய ஒரு பாபின் கேஸ், தையல் மிஷினுக்கு அடியில் நூல் சுற்றி மாட்டுகிற குட்டிக் கூடு. லேபிள் இல்லை.

சூப்பர்வைசர் அருண்குமார் பாபின் கேஸை எடுத்தான். "நம்ம மிஷின்ல கழட்டினதுதானே இது?"

"இல்லீங்க சார். என்னோடதுங்க."

"ஊட்டுச் சாமானை எவளாவது கம்பெனிக்குத் தூக்கிட்டு வருவாளா? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியது. வேலையும் போய் மானமும் போகப்போகிறது, சொல்லித் தொலையேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அது எங்க ஊட்டுத் தையல் மிஷினோடதுங்க!"

கேட்டுக்கு வெளியே அவள் புருஷன் தீனதயாளன் நின்றிருந்தார். மங்கலத்தில் தறி ஓட்டியவர். வேலை போனதிலிருந்து குடிதான்.

"காத்தாலேருந்து தேடறேனுங்க. மிஷினை வாங்க ஆளு வந்து உக்காந்திருக்குது. இது இல்லாம தைச்சுக் காட்ட முடியலீங்க."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவள் வீட்டுப் பித்தளை அண்டாவும் ஃபேனும் ஏற்கெனவே சாராயக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. வெயிட் இல்லாத குக்கரை எவன் வாங்குவான்? ரிமோட் இல்லாத டிவியை எவன் கேட்பான்? மிச்சமிருக்கிற ஒவ்வொரு சாமானிலும் ஒரு துண்டைக் கழற்றி, தினமும் பையில் சுமந்து வந்திருக்கிறாள் மகராசி. லேபிள் கட்டு பேக்கிங் பெட்டிக்கு அடியிலேயே கிடந்ததென்று உள்ளிருந்து யாரோ கத்தினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அருண்குமார் முகம் செத்துப்போய், "சரி, உங்க சாமான்தான். இந்தாங்க" என்று பாபின் கேஸை கேட் கம்பி வழியாக அவரிடமே நீட்டினான். ஆம்பளை கேட்டால் ஆம்பளையிடம் கொடுக்கிற புத்தி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெயபாரதி பாய்ந்து பிடுங்கினாள். "குடுக்காதீங்க சார்! அந்த மிஷின் எங்கம்மா ஊட்டுச் சீருங்க. அதுல ஜாக்கெட் தைச்சுத்தான் எம்புள்ளையப் படிக்க வெக்கறேன். என்னோடதுங்க. இது எல்லாமே என்னோடதுங்க!"

தீனதயாளன் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "ஓஹோ! எல்லாம் உன்னோடது. அப்ப நான் யாரோடவன்?"

மேஜையில் கிடந்ததையெல்லாம் அவள் பைக்குள் வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கில் வழிந்தது, துடைக்கவில்லை.

"உங்களை எவனும் வெலைக்குக் கேக்கலீங்களே. கேட்டிருந்தா, உங்களையும் இந்தப் பையில போட்டுத்தானுங்க தூக்கிட்டு வந்திருப்பேன்."