பாதிப் பாட்டில் மெயின் சுவிட்சை அணைத்தார்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம் மலேசியாவில் கிள்ளான். கடைவரிசை ஒன்றின் முதல் மாடியில் எங்கள் கிறிஸ்தவ சபை, கீழே ஒரு சீனர் நடத்தும் காப்பிக்கடை. நான் அப்போது ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். வார நாளில் டைப் அடிப்பேன், சனிக்கிழமை டிரம்ஸ் அடிப்பேன். பெண்பிள்ளைக்கு டிரம்ஸ் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

நாங்கள் நான்கு பேர் ஒரு பேண்ட் வைத்திருந்தோம். ராப், ரெக்கே, ஹெவி மெட்டல் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறின மாதிரி இருக்கும் எங்கள் இசை. ஆனால் ஒவ்வொரு வரியும் இயேசுவைப் பற்றித்தான். எழுதியதும் பாடியதும் எங்கள் பாடகர். சடைசடையாக முடி வளர்த்திருப்பார். அதற்கு முன்பு பல வருஷம் போதை மருந்தில் விழுந்து கிடந்தவர். சபை நடத்திய மறுவாழ்வு இல்லத்தில்தான் மனிதரானார். அந்த நல்ல காரியத்தைச் செய்ததும் இதே சபைதான், மறுக்கவில்லை.

அவருடைய அம்மா செமினிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இந்து. மகன் தாலியைக்கூடத் திருடி விற்ற பிறகு வீட்டுக் கதவைச் சாத்தியவர், அதன் பிறகு மகன் முகத்தில் விழிக்கவே இல்லை. அன்றைக்கு மகன் சாட்சி சொல்லிப் பாடப் போகிறார் என்று யாரோ சொல்லி, "நானே கண்ணால பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று பஸ் மாறி மாறி வந்திருந்தார். மகனைத் திரும்ப வீட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் அந்த முடிவு. வாசலில் நின்ற சிஸ்டர் அந்த அம்மாவின் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்துவிட்டுக் கடைசி வரிசையைக் காட்டினார். அப்போதே எனக்கு எரிச்சல்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் முதலில் எழுந்து, தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததைச் சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி. பாடகர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தாலியைத் திருடியதையும் சொன்னார். பிறகு பாட்டு. தொடக்கம் ரெக்கே, மெதுவாகத்தான் போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்து கிட்டார் உறும, நான் இரண்டு காலாலும் டிரம்ஸை மிதிக்க, அவர் மூச்சு விடாமல் ராப்பை ஆரம்பித்தார்.

பாதியில் எல்லாம் நின்றது. மின்விசிறிகூட நின்றது. திரும்பிப் பார்த்தால் கமிட்டியில் பெரியவராக இருந்த பிரதர் மெயின் சுவிட்சின் மேல் கை வைத்து நிற்கிறார்.

"இது சபை லா, டிஸ்கோ இல்ல! ரெக்கேன்னா கஞ்சான்னு ஊருக்கே தெரியும். பழைய புத்தி எங்க போகும்? இந்தச் சத்தத்துல சாத்தான்தான் இறங்குவான்!"

பெற்ற தாயை வைத்துக்கொண்டு, திருந்தி வந்தவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எனக்கு உச்சந்தலை கொதித்தது. பாஸ்டராவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று சொல்வார்களே, அது கோயிலுக்கு மட்டும் சொன்னதில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்தார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்தச் சாத்தான் எங்க வீட்டுலதான் ரொம்ப வருஷம் இருந்தான். அவன் சத்தமே போட மாட்டாங்கய்யா. என் புள்ள மூலையில சுருண்டு கெடப்பான், கூப்பிட்டாக்கூட குரல் வராது. நாலு வார்த்தை சேந்தாப்ல பேச முடியாம மூச்சு வாங்கும். வீடே செத்த வீடு மாதிரி அமைதியா இருக்கும். இப்பதான் அவன் சத்தம் போடறான். கொஞ்சம் கேட்டுக்கிறேன், கரண்ட போட்டு விடுங்க."

எந்த மனிதனாக இருந்தாலும் சுவிட்சைப் போட்டிருப்பான். பிரதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு, ஜெபம் பண்ணி முடிச்சிக்குவோம்" என்றார். முடித்தும்விட்டார்!

கீழே காப்பிக்கடை வாசலில், அஞ்சடித் தாழ்வாரத்தில், டிரம்ஸை இறக்கி வைத்துவிட்டு நான் அழுதேன், கோபத்தில். அந்த அம்மா வந்து அங்கிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க பாடுடா" என்றார் மகனிடம்.

மைக் இல்லை, கிட்டார் சத்தம் இல்லை. நான் ஒரே ஒரு டிரம்மை மடியில் வைத்துத் தட்டினேன். பாடகர் தடுமாறித்தான் ஆரம்பித்தார், பிறகு பிடித்துக்கொண்டார். காப்பிக்கடைச் சீனர் எங்களை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே போய்த் தன் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து கதவோரம் நின்றார். நிறுத்தச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. முழுப் பாட்டும் முடிந்தது.

"இங்கிலீசு, ஒண்ணும் வெளங்கல" என்றார் அம்மா. முந்தானையால் மகனின் கழுத்து வேர்வையைத் துடைத்தார். "போயி துணிமணிய எடுத்துட்டு வா. பஸ்ஸு போயிடும்."

பாடகர் அம்மாவோடு வீட்டுக்குப் போனார். பேண்ட் அத்தோடு கலைந்தது. அந்த அம்மா எங்கள் மாடிப்படியை மறுபடி மிதிக்கவே இல்லை, நானும் கொஞ்ச நாளில் வேறு சபைக்குப் போய்விட்டேன். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பழைய சபைக்குப் போனேன். மேடையில் டிரம்ஸ், இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார், கலர் லைட்டு. அதே பிரதர் முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சிஸ்டர், நாங்க அந்தக் காலத்துலேருந்தே வாலிபப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவங்களாச்சே" என்றார். அவருக்கு நிஜமாகவே நினைவில்லை!

நல்ல கிறிஸ்தவளாக இருந்தால் இந்நேரம் மறந்திருக்க வேண்டும். ஆனால் தினமும் செய்யும் ஜெபத்தில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று சொல்லும் இடம் வரும்போது, இன்றைக்கும் என் வாய் ஒரு நொடி நின்றுதான் மேலே போகிறது.