லாவெர்ன் பிடுங்கும் பைன் கன்றுகள்

குனிந்து, பைன் கன்றை அடியில் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் வேரோடு வந்துவிடும். அதைத் தோளுக்குப் பின்னால் வீசி, "போய்த் தொலை" என்பாள் லாவெர்ன். பிறகு அடுத்த கன்று. மாடுகளுக்கு உப்புக்கட்டி வைக்கப் போனாலும், வேலிக்கம்பியை முறுக்கப் போனாலும் இதே கதைதான். ஊரெல்லாம் மரம் நடுகிறது. இவள் ஒருத்தி பிடுங்குகிறாள். பக்கத்துப் பண்ணைக்காரனான எனக்கு, அவளோடு ஒரு புல்வெளியைக் கடப்பதற்குள் பொறுமை போய்விடும்.

எல்லாம் மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு சின்னத் தரையணிலுக்காக. எங்கள் பக்கம் இரண்டு இனம் உண்டு. மூஞ்சி சிவந்த பெரியது, மாட்டுத் தீவனத்துக்குப் போடும் குதிரைமசால் வயலை மொட்டையடிக்கும். அதைச் சுட யார் வந்தாலும் லாவெர்ன் கேட்டைத் திறந்து, காப்பியும் கொடுப்பாள். மற்றது முதுகில் புள்ளி விழுந்த சின்னது. அமெரிக்காவில், மேற்கு ஐடஹோவின் இந்தச் சில மலைப் புல்வெளிகளை விட்டால் உலகத்தில் அதற்கு வேறு ஊரே கிடையாது. அதைப் பெரியதன் குட்டி என்று நினைத்துப் பல வருஷம் சுட்டுத் தள்ளியவன் அவள் புருஷன் கிளேட்டன். இன்னும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"குட்டிதான் அது. வளந்தா எல்லாம் ஒண்ணுதான்."

"குட்டிக்குப் பால் குடுக்கிற குட்டிய நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்பாள் லாவெர்ன். அவன் தொப்பியைச் சரிசெய்துகொள்வான்.

சின்னவை மேட்டுப் புல்வெளியில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. கீழ்ப் புல்வெளியில் ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் பைன் அடைத்துக்கொண்டது. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்த அணில் கால் வைக்காது. ஒரு கெட்ட குளிர்காலம் வந்தால் மேலே இருப்பவையும் போய்விடும் என்று லாவெர்னுக்குப் பயம். வழியைத் திறந்துவிட்டால் கீழே இறங்கிப் பெருகும் என்று நம்பினாள். "வந்தா வரட்டும். வராட்டி எனக்கு இடுப்பு வலி மிச்சம்" என்று சிரிப்பாள்.

இந்த வசந்தத்தில், பனி கரைந்த கையோடு, வேலி பார்க்க மூவரும் கீழ்ப் புல்வெளிக்குப் போனோம். லாவெர்ன் வழக்கம்போல ஒரு கன்றைப் பிடுங்கினாள். கிளேட்டன் சட்டென்று நின்றான். கல்லோரத்தில் புதுமண்; அதன்மேல் ஒரு சின்னத் தலை. திரும்பியபோது முதுகில் புள்ளி தெரிந்தது.

"வெர்ன், உன் ஆளு இறங்கி வந்துட்டான்" என்றான் அவன், ரகசியம் போல. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

லாவெர்ன் வீசுவதற்குக் கையை ஓங்கியிருந்தாள். வீசவில்லை. கையை மெல்ல இறக்கி, மண் உதிரும் அந்தக் கன்றைச் சத்தமில்லாமல் தன் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டாள்.