சோப்புக்குப் போன அம்மாவின் பாட்டு

1972 ஆகஸ்ட் 13, ஞாயிறு. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, குழாயடியில் இரண்டு குடம் பிடித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ராயபுரத்துக்கு வந்து ஏழு வருடமாகியும் எனக்கு ஒன்று பழகவில்லை. சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிறவர்கள் மறுநாள் அதை முணுமுணுப்பதுகூட இல்லை. ரங்கூனில் பர்மியர்கள் சாவு வீட்டில் சீட்டாடி விழித்திருப்பார்கள். அங்கிருந்த நம்மவர்களும் அதில் போய் உட்காருவார்கள். என் அம்மா பூரணியை அங்கே புதைத்தபோது அதுவும் இல்லை. இந்தியா திரும்பும் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரம்.

நான் திருவொற்றியூரில் ஒரு துணிசோப்புக் கம்பெனியின் கிடங்கில் குமாஸ்தா. அன்று மாலை கம்பெனி விழா. பட்டணத்து ஆட்கள் இப்போது கானாவை விரும்புகிறார்களாம். பாடகரை அழைத்துவரும் வேலையை மேனேஜர் என்னிடம் தந்திருந்தார். பக்கத்து வீட்டு ஏழுமலையிடம் முந்தின வாரமே கேட்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்.

“யாரு பூட்டாங்க?” என்றார்.

யாரும் இல்லை என்றேன்.

“ஆளு சாவாம இன்னாத்துக்கு நைனா பாட்டு? யார் பேரச் சொல்லிப் பாடுறது?”

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவள் பிடித்த சுருட்டு வரைக்கும் கேட்டுக்கொண்டார்.

“எட்டு வருசம் கயிச்சி ஒரு சாவு. இன்னா இப்போ, பாடிடலாம்.”

விழா மாலையில் மேடைக்குப் பின்னால் ஏழுமலை மேனேஜரிடம் முதல் அடியைச் சொல்லிக் காட்டினார். ‘வெள்ளச் சீல கட்டிக்கினு எங்க போற பூரணி.’ மேனேஜர் முகம் மலர்ந்தது.

“வெள்ளைச் சேலை! பிரமாதம். அந்தப் பேருக்குப் பதிலா நம்ம சோப்புப் பேரைப் போடச் சொல்லுங்க.”

ஏழுமலை என்னைப் பார்த்தார்.

“சாவு உன்னுது. நீ சொல்லு.”

“போடுங்க” என்றேன். மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்தார். வேறு காரணம் எதுவும் இல்லை. சவத்துக்குப் போர்த்திய சேலை சலவைச் சேலையாகிவிட்டது. சபை சிரித்துக் கைதட்டியது. நானும் தட்டினேன். தாளம் தப்பாமல் தட்டினேன்.

மறுநாள் காலை குடத்தைக்கூட எடுக்காமல் முதலில் ஏழுமலை வீட்டுக் கதவைத் தட்டினேன். வேப்பங்குச்சியோடு வந்தார். அம்மா பெயரோடு ஒருமுறை பாடச் சொன்னேன்.

“வூட்டாண்ட பாடி என் பொண்டாட்டியப் பாடையில தூக்கச் சொல்றியா? ஒரு சாவுக்கு ஒரு தபாதான். அத்த நீ சோப்புக்குக் குட்த்துட்ட.” துப்பிவிட்டு, கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்: “தெருவுல அடுத்த சாவு வுயட்டும். வந்து குந்து. அத்த முடிச்சிட்டு உங்கம்மாவுக்கும் ரெண்டு அடி பாடுறேன்.”

ரங்கூனில் கிடக்கிற அம்மாவுக்காக ராயபுரத்தில் யாராவது சாக வேண்டும். தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். எந்த வீட்டில் யாருக்கு இருமல் அதிகம் என்று பார்த்துக்கொண்டே தெருவில் நடந்தேன்.