ஒன்றேகால் மணிக்கு விழும் டிஸ்க்

பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவனுக்கு மன்னார் டவுனில் ஒரு தொல்லை உண்டு. பிரிண்டர் பேப்பரைத் தின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஊரே 'நானா' என்று கூப்பிடும் ஸ்டூடியோக்காரரின் லினக்ஸ் சர்வரும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், அதை அங்கே கொண்டுபோய் வைத்ததே நான்தான்.

அதற்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். இடம்பெயர்ந்து திரும்பி வந்து கடை திறந்த நாளிலிருந்து நானா எடுத்த படமெல்லாம் அதில் இருந்தன. நிக்காஹ், திருமுழுக்கு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம்கூட. தன் வீட்டு ஆல்பம் முழுவதையும் இடப்பெயர்வில் இழந்தவர் அவர். எத்தனை வருடம் கழித்து வந்து கேட்டாலும் ஒருவரிடமும் "இல்லை" என்று சொன்னதில்லை.

போன வருடம் ஒரு டிஸ்க் சர்வரின் கணக்கிலிருந்து கழன்று நின்றது. நான் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "நானா, இது மௌத்து," என்று அறிவித்தேன். கொழும்பிலிருந்து பஸ்ஸில் புதியது வந்தது. செத்ததை நானா மேசையில் பேப்பருக்குப் பாரமாக வைத்துக்கொண்டார். மன்னார்க் காற்றுக்கு அந்தக் கனம் தேவைதான்.

மிச்சமிருந்த ஒரேயொரு டிஸ்கிலிருந்து புதியதுக்கு எல்லாம் பிரதியாகவேண்டும். எட்டு மணித்தியால வேலை. பக்கத்துக் கடை ஒருமுறை வயர் பற்றி எரிந்ததிலிருந்து, கடை பூட்டும்போது நானா மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். ஆகவே பகலுக்குள் முடியவேண்டும். பள்ளி விடுமுறை நாள், காலை எட்டரைக்குத் தொடங்கிவிட்டு, வீட்டில் சாப்பிட்டு வந்து பார்த்தால் அறுபது வீதத்துக்குக் கிட்ட நின்றுபோயிருந்தது. புதிய டிஸ்க் கழன்றுவிட்டது. மறுநாள் திரும்பவும் பூச்சியத்திலிருந்து. திரும்பவும் விழுந்தது.

"மாஸ்டர், இதுவும் மௌத்தா?"

"ஓம் போலதான் கிடக்குது நானா."

"இனி எனக்கு ஸலாத்துக்கும் கை தராதேங்கோ. உங்கட கை பட்டதெல்லாம் போகுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சர்வரில் மிச்சமிருந்த பழைய டிஸ்கைக் காட்டி, குரலை இறக்கிக் கேட்டார்: "இதுவும் போச்செண்டா ஆக்களுக்கு நான் என்ன சொல்லுவன்?"

அன்று பின்னேரம்தான் முதல் நாளே செய்திருக்கவேண்டியதைச் செய்தேன். வருடம் முழுக்கப் பிள்ளைகளிடம் "முதல்ல லொக்கை வாசியுங்கோ" என்று கத்துகிறவன், சர்வர் நடந்ததையெல்லாம் நேரம் போட்டு எழுதிவைத்திருந்த லொக்கை அப்போதுதான் வாசித்தேன். முதல் டிஸ்க் 'இறந்தது' ஒன்று பதினைந்துக்கு. புதியது விழுந்தது ஒன்று பதினெட்டுக்கு, மறுநாள் ஒன்று பதின்மூன்றுக்கு. டிஸ்க் சாகலாம். மணிக்கூடு பார்த்துச் சாகாது.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகவில்லை. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"சாப்பாட்டுக்கு வரேல்லையப்பா. இருந்து டிஸ்கைப் பார்க்கவேணும்."

"பாருங்கோ, பாருங்கோ. கட்டின நாள் தொட்டு என்னை ஒருநாள் இப்பிடி இருந்து பார்த்திருப்பியளோ?"

நானா லுஹர் தொழுகைக்குப் போனார். நான் திரைக்கு முன்னால் கதிரை போட்டுக் குந்தியிருந்தேன். ஒன்றேகால் இருக்கும், சர்வர் இருந்த தட்டு கடகடவென்று ஆடியது. திரையில் பிழை வரிகள் கொட்டின. டிஸ்க் விழுந்தது. கடைக்குப் பின்னால் ஓடினேன்.

பலகைச் சுவரின் நிழலில் ஒரு கழுதை, கண்ணைப் பாதி மூடி, சொர்க்கத்தில் நிற்பதுபோல முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பலகைக்கு மறுபக்கத்தில்தான் சர்வர்த் தட்டு. மாரியில் கடைக்குள் தண்ணீர் ஏறியபோது, "இனித் தண்ணி தொடாது நானா" என்று அதை அங்கே ஆணி அடித்து ஏற்றியவன் நானே.

உள்ளே வந்து, முதலில் விழுந்ததற்கும் புதியதுக்கும் மாட்டியிருந்த அதே வயரைக் கழற்றிப் பார்த்தேன். முனை உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்தது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் அது தொடுப்பு விட்டிருக்கிறது.

நானா தொழுதுவிட்டு வந்தார். "கழுதையா மாஸ்டர்?"

"கழுதையும் உப்புக்காத்தும் நானா."

"தட்டு அடிச்சது கழுதையில்லையே."



சர்வரைத் தட்டிலிருந்து இறக்கி, நானாவின் தேக்கு மேசையில் சுவரில் முட்டாமல் வைத்தேன். வீட்டுக் கணினியிலிருந்து நல்ல வயர் ஒன்றைக் கழற்றி வந்து மாட்டினேன். அடுத்த நாள் காலை எட்டரைக்கு, நாலாம் முறையாகத் தொடங்கியது. ஒன்றேகாலுக்குக் கழுதை நேரம் தவறாமல் வந்தது. பலகை ஆடியது, வெறும் தட்டு ஆடியது. நாங்கள் இரண்டு பேரும் திரையில் வீதத்தை எண்ணினோம். ஐம்பத்தொன்பது. அறுபது. அறுபத்தொன்று.

"தேய் ராசா, நல்லாத் தேய்!" என்று நானா சுவருக்குச் சொன்னார்.

நாலரைக்கு நூறு. இரண்டு டிஸ்கும் சுகம் என்பதற்கு அடையாளமாகத் திரையில் இரண்டு ஆங்கில எழுத்து பக்கத்தில் பக்கத்தில் நின்றது. நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, வேண்டாம் என்ற என் கையைத் தானே பிடித்துக் குலுக்கினார். அந்த உசாரில் பேப்பருக்குப் பாரமாயிருந்த டிஸ்கையும் என் மடிக்கணினியில் மாட்டிப் பார்த்தேன். உயிரோடு இருந்தது. உயிருள்ளதற்கு மரண அறிவித்தல் கொடுத்த பெருமையும் எனக்கே.

கடை பூட்டுகிற நேரம் அரிப்புக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தன் கலியாணத்தில் தகப்பன் நிற்கிற படம் வேண்டுமாம். அவர் இப்போது இல்லையாம்.

"பத்து வருஷத்துக்கு மேல நானா. இருக்குமோ?"

நானா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "ரெண்டு இடத்தில இருக்கு பிள்ளை."

"எனக்கு ஒண்டு போதும் நானா."