மூன்றாவது மேசையின் நாலரை மணி வெயில்

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு முள்ளிக்குளம் பக்கம் போனேன். ஒரு மேசையைப் பார்க்க. கந்தோரில் காரணம் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

கட்டடத்துக்குள் பகல் வெளிச்சம் எந்த மாதம், எத்தனை மணிக்கு, எங்கே விழும் என்று கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது என் வேலை. எங்கள் வீட்டில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். “வெளிச்சம் பாக்கிறதுக்கும் சம்பளமோ பிள்ளை?” என்று அம்மா இன்னும் கேட்கிறார். முள்ளிக்குளம் பக்கம் நான் வெளிச்சம் கணித்துக் கொடுத்த ஒரு புது வாசிகசாலையில், என் கணிப்பின்படி, ஆடியில் நாலரைக்கு மேற்கு யன்னல் வெயில் மூன்றாவது மேசையில் சதுரமாக விழ வேண்டும். அதைப் படம் எடுத்து அம்மாவுக்குக் காட்ட வேண்டும். இவ்வளவுதான் ஆசை.

காலை ஆறு மணிக்குக் கொழும்பில் பஸ் ஏறி, ஒன்று நாற்பதுக்கு முருங்கனில் இறங்கினேன். அங்கிருந்து சிலாவத்துறை வழியாக ஓட்டோ: நாற்பத்திரண்டு கிலோமீற்றர், நாலாயிரம் ரூபாய்.

வாசிகசாலைக்குள் ரியூப் லைற் எரிந்தது. மேற்கு யன்னல்களின் பலகைக் கதவுகளைச் சாத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

பொறுப்பாளர் ஜசிந்தா அக்காவிடம் வந்த விசயத்தைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

“வெளிச்சம் பாக்கவோ கொழும்பில இருந்து வந்தனீங்கள்? வெளியில கொட்டிக் கிடக்குது, அள்ளிக்கொண்டு போங்கோ!” என்று சிரித்தார். பிறகு, “இது சோளகக் காத்து, தங்கச்சி, கடல் பக்கமிருந்து மண்ணோட அடிக்கும். வைகாசியில கட்டினால் புரட்டாசியிலதான் அவிழ்ப்பம். இல்லாட்டிப் புத்தகமெல்லாம் மண்தான்.”

என் கணக்கில் சூரியன் இருந்தது, யன்னல் அளவு இருந்தது, சுவர் நிறம்கூட இருந்தது. காற்று இல்லை. அந்த வெயில் மூன்றாவது மேசைக்கு வருவதே யன்னல் கட்டியிருக்கும் மாதங்களில்தான். அவிழ்க்கும்போது சூரியன் தெற்கே போயிருக்கும். சதுரம் வேறு மேசைக்கு நகர்ந்துவிடும்.

நாலரைக்கு ஜசிந்தா அக்கா என் முகத்தைப் பார்த்தார். “ஒரு நிமிசம்தான்” என்று கயிற்றை அவிழ்த்தார்.

விழுந்தது. அதே இடத்தில், அதே சாய்வில். அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவி கொப்பியின்மேல் கவிழ்ந்துகொண்டு, “அக்கா, கெதியாப் பூட்டுங்கோ!” என்று கத்தினாள். ஒரேயொரு படம் எடுத்தேன்.

அம்மா அதை நெடுநேரம் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு. அந்தப் பிள்ளையின்ர கண்ணுக்க மண் விழேல்லையோ?”

அடுத்த ஊர் வாசிகசாலைக்கு இப்போது மேற்கைச் சாத்திவிட்டு, கிழக்கிலிருந்து வெளிச்சம் தேடுகிறேன். கணினியில் அந்தப் பழைய கணிப்பை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: திரும்பி வரவும் அதே ஓட்டோவைப் பேசி வையுங்கள். சோளகக் காலத்தில் தலைக்கு ஒரு துணி வேண்டும். யன்னல்கள் திறந்திருக்க வேண்டுமென்றால் மாசியில் போங்கள். நல்ல வெளிச்சம் இருக்கும். மூன்றாவது மேசையில் இருக்காது.