அப்பாவை ஊதச் சொன்னேன்

அப்போது மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு. எங்கள் ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் மைசூர் ராஜ்யம். அங்கே சாராயக் கடை திறந்தே இருக்கும். அதனால் எங்கள் ஊரில் எவன் தடுமாறி நடந்தாலும், "எல்லை தாண்டிட்டு வந்திருக்கான்" என்பார்கள். காய்ச்சலில் தள்ளாடியவனுக்கும் அதே பட்டம்தான்.

அந்தப் பட்டம் என் அப்பாவுக்கும் வந்தது. கள்ளுக்கடை மறியலில் மண்டை உடைந்த மனிதர் அவர். நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அம்மா போன பிறகு அவர் என்னோடுதான் இருந்தார்.

ஒரு மார்கழி மாதம், பள்ளி விட்டு வந்தேன். அப்பா சுவரிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். "செவ்வெறும்பும்மா, பாரு எப்படி ஏறுது" என்றார். சுவரில் ஒன்றும் இல்லை. பிறகு ஆளில்லாத வாசலைப் பார்த்துக் கும்பிட்டு, "வந்தவங்கள நிக்க வெக்காத, பாய் போடு" என்று என்னை அதட்டினார். எழுந்தவர் தள்ளாடிக் கதவில் மோதிக்கொண்டார். காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்!

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "மத்தியானம் ரோட்டுல அத்திப்பள்ளிப் பக்கமா நடந்து போனாரு டீச்சர், நான் பாத்தேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் பார்க்க அவரை வாசலில் நிறுத்தி, எல்லைச் சோதனைச் சாவடிப் போலீஸ்காரன் லாரி டிரைவரிடம் சொல்வதுபோல் சொன்னேன்: "ஊதுங்கப்பா."

மறுபேச்சில்லாமல் ஊதினார். சாராய வாடை இல்லை, இலைப்புகை வாடைதான். மூச்சிழுப்புக்காக ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைப்பார். எங்கள் பக்கத்துப் பனிக்குப் பலரும் செய்த கைவைத்தியம் அது. நானோ, நாற்றத்தை மறைக்கத்தான் புகைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். படித்தவள் புத்தி அவ்வளவுதான்.

இரண்டு நாள் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். இழுப்பு வந்தால் தவிப்பாரே என்று நானே நாலு சுருட்டு சுருட்டி வைத்தேன். அந்தக் கரிசனத்துக்கு மட்டும் குறைச்சலில்லை. திரும்பி வந்தால் எறும்பு கூரை வரை ஏறியிருக்கும். ஓயாமல் தண்ணீர் கேட்டார். "குடிகாரத் தாகம்" என்று கத்தினேன். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பாட்டில் தேடினேன். பூட்டின வீட்டுக்குள் சாராயம் எப்படி வரும் என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் சிறுநீர் பிரியாமல் வயிறு உப்பி அலறினார். ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் மார்பில் குழாய் வைத்து இழுப்பைக் கேட்டார், பிறகு இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி அகலமாக விரிந்திருந்தது.

"இழுப்புக்கு என்னம்மா குடுக்கறீங்க?"

சொன்னேன். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒன்று. இந்தப் பனியில் நாளுக்கு நாலு. அன்று மத்தியானம் அவர் ரோட்டோரம் போனதும் அந்த இலை பறிக்கத்தான்.

"அதுதாம்மா தலைக்கு ஏறியிருக்கு. யாரு சுருட்டிக் குடுத்தது?"

நான்தான் என்றேன்.

இலையை நிறுத்திய இரண்டாம் நாள் எறும்பெல்லாம் போய்விட்டது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில் டம்ளரை வாங்கப் பக்கத்தில் குனிந்தேன். அவர் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"கஞ்சி வாடைதாம்மா" என்றார்.